பார்வையாளரிடம் கேட்ட காலம்

1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடர் ஆரம்பமானது. மறு ஆண்டு டிசம்பர் 17 வரை 156 பகுதிகள் ஓடியது. குடித்துவிட்டு வரும் அப்பா பசேசர் ராம், எதையும் வாய் திறக்காமல் தாங்கிக்கொள்ளும் அம்மா பாக்வந்தி, வேலைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே தவிக்கும் பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று ஒரு கீழ்நடுத்தர வீடுதான் கதை. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் மூத்த நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி அரை நிமிடம் பேசுவார். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததை எடுத்துச் சொல்லி, பார்ப்பவர்கள் யோசிக்க ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போவார்.

ஜனங்கள் பதில் எழுதினார்கள். தூர்தர்ஷனுக்கும் நடிகர்களுக்குமாக வந்த கடிதங்கள் 4 லட்சம். தொடரில் மூத்த மகள் பட்கிக்கு டாக்டர் அஸ்வினி மேல் விருப்பம். ஆனால் முடிவெடுக்கத் தயங்குகிறாள். அந்த வேடத்தில் நடித்த சீமா பார்கவாவுக்கு இளம்பெண்கள் பலர் எழுதினார்கள், இனியும் தள்ளிப்போடாமல் முடிவுக்கு வரச் சொல்லி. சொந்த அக்காவுக்கு எழுதுகிற உரிமையோடு, முன்பின் பார்த்திராத நடிகைக்கு எழுதிய கடிதங்கள் அவை.

இந்தக் கடித மூட்டைகளை ஒருவர் தேடிப்போனார் என்பதுதான் எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அரவிந்த் சிங்கால், தன் பேராசிரியர் எவரெட் ரோஜர்ஸுடன் சேர்ந்து, கடிதங்களிலிருந்து 500-ஐ எடுத்து வரி வரியாக ஆராய்ந்தார். 1987-இல் டெல்லி, கோலாப்பூர், சென்னை ஆகிய மூன்று பகுதிகளில் 1,170 பேரை நேரில் சந்தித்துக் கேள்வி கேட்டார்கள். இந்தித் தொடர் என்பதால் வடக்கே இருந்த வரவேற்பு சென்னையில் இல்லை. மொழி புரியாத ஊரில் ஒரு தொடர் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் சென்னையையும் விடவில்லை.

கேட்டுப் பார்த்ததில் தொடரை உருவாக்கியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று வெளியே வந்தது. அதைப் புரிந்துகொள்ள, ஹம் லோக்கின் வேர் மெக்சிகோவில் இருந்தது என்பது தெரிய வேண்டும். அங்கே மிகெல் சபிதோ என்ற தயாரிப்பாளர் எழுபதுகளில் முதியோர் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு போன்றவற்றைத் தொடர்கதைக்குள் வைத்து எடுத்தார். நல்ல முன்மாதிரி ஒருவர், கெட்ட முன்மாதிரி ஒருவர், இரண்டுக்கும் நடுவே ஊசலாடி மெல்ல மாறுகிறவர் ஒருவர் என்பது அவர் வகுத்த வாய்ப்பாடு. அதன்படி, இப்படி அடங்கிப்போகக் கூடாது என்று காட்டுவதற்காகப் படைக்கப்பட்டவர்தான் பாக்வந்தி. ஆனால் கணிசமான பேர் பாக்வந்தியைத்தான் தங்களுக்கு முன்மாதிரி என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பகுதி பெண்கள். எச்சரிக்கையாக வைத்த பாத்திரத்தை அவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஒரு பெண்ணின் எதிரே உட்கார்ந்து, யாரைப் போல இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

திரையில் தெரியும் ஒருவரோடு பார்ப்பவருக்கு உண்டாகும் ஒருதலை உறவை முதலில் கவனித்து எழுதியவர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். அது 1956. அதே ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, அன்றைய பம்பாய் மாநிலத்தில் புணேயைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் யுனெஸ்கோ உதவியோடு அகில இந்திய வானொலி ஒரு சோதனையை நடத்தியது. சுமார் 150 கிராமங்கள், ஒவ்வொன்றிலும் இருபது பேர் அளவில் ஒரு குழு. வாரம் இரண்டு மாலை, அரை மணி நேரம், வானொலியில் வரும் நிகழ்ச்சியைச் சேர்ந்து கேட்பார்கள். பெட்டியை நிறுத்திவிட்டு அதைப் பற்றிப் பேசுவார்கள். சந்தேகம் வந்தால் எழுதி அனுப்புவார்கள். நிலையம் அடுத்து வரும் ஒலிபரப்பில் பதில் சொல்லும்.

இதை மதிப்பிடும் பொறுப்பு மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்கு வந்தது. அப்போது அங்கே பணியாற்றிய பால் நியூராத் முன்னின்று செய்தார். நியூராத் வியன்னாக்காரர், நாஜிகளின் டாக்காவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டு மீண்டு, அமெரிக்காவில் சமூகவியல் படித்தவர். அவர் மூன்று வகைக் கிராமங்களை எடுத்துக்கொண்டார்: குழு உள்ள ஊர், ரேடியோ இருந்தும் குழு இல்லாத ஊர், ரேடியோவே இல்லாத ஊர். நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். குழு வைத்துப் பேசிய ஊர்களில் விஷயம் நன்றாகத் தங்கியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்த ஊரில் அந்த அளவுக்கு ஏறவில்லை. கேட்டதைப் பேசித் தீர்த்ததில்தான் பலன் இருந்தது. இன்னொன்றையும் அறிக்கை கவனித்தது: குழுக்கள் ஊர்க் காரியங்களை முடிவு செய்யும் இடங்களாகவும் மாறத் தொடங்கியிருந்தன. திட்டம் போட்டவர்கள் அதை எதிர்பார்த்துப் போடவில்லை.

நம் பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. அறுபதுகளில் தஞ்சைக் காவிரிப் படுகையில் ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச் சொன்னது. கடைசியில் விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள்.

வானொலியில் தொடங்கியது பெரிய அளவுக்குப் போனது 1975 ஆகஸ்ட் 1 அன்று. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நேரடியாகத் தொலைக்காட்சி கொடுத்தது. 'சைட்' என்ற அந்தத் திட்டத்தில் ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் இருந்தன, தமிழ்நாடு இல்லை. கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலையில் செய்த மூன்று மீட்டர் ஆண்டெனா, பள்ளிக்கூடத்திலோ ஊர்ப் பொது இடத்திலோ ஒரு பெட்டி. காலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பற்றி முன்பே எழுதியிருந்த ஆர்தர் சி. கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் இஸ்ரோ பொறியாளர்கள் ஒரு ஆண்டெனா வைத்துக் கொடுத்தார்கள். இலங்கையில் அந்த ஒளிபரப்பைப் பார்க்க முடிந்தது அப்படித்தான்.

சைட் பற்றிப் பேசுகிறவர்கள் ராக்கெட்டையும் ஆண்டெனாவையும் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் பொறியாளர்களோடு சமூகவியலாளர்களையும் மானுடவியலாளர்களையும் வைத்திருந்ததுதான். மையத்தின் அப்போதைய தலைவர் யஷ் பால் ஓர் இயற்பியலாளர். அவர் காலத்தில்தான் இது நடந்தது. மானுடவியலாளர்கள் தேர்ந்தெடுத்த கிராமங்களில் போய்க் குடியிருந்தார்கள். பெட்டி வருவதற்கு முன்னால் ஊர் எப்படி இருந்தது, வந்த பிறகு என்ன ஆயிற்று, எடுத்துக்கொண்டு போன பிறகு என்ன ஆயிற்று என்று மாதக்கணக்கில் குறிப்பெடுத்தார்கள். யார் முன்வரிசையில் உட்கார்ந்தார், எந்தத் தெருக்காரர் ஓரமாக நின்றார், பெண்கள் எந்த நேரத்தில் எழுந்து போனார்கள் என்பதெல்லாம் அங்கேயே இருப்பவர் கண்ணில்தான் படும். பினோத் அகர்வால் தொகுத்த மதிப்பீடு 1981-இல் வெளியாகி, யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைத்தது.

அதில் பலவும் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தன. கிராமத்து ஜனங்கள் ஆட்டம் பாட்டம்தான் கேட்பார்கள் என்பது நகரத்து எண்ணம். ஆனால் அவர்கள் விரும்பியது விவசாயம், உடல்நலம் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சிகளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பெண்களும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்துகொண்டார்கள். பிள்ளைகளின் பேச்சும் சொல்வளமும், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆர்வமும் வளர்ந்தன. பள்ளியில் புதிதாகச் சேருகிறவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. பாதியில் நிற்பதும் குறையவில்லை. தான் நடத்திய திட்டம் எங்கே பலிக்கவில்லை என்பதை அரசு நிறுவனம் தன் அறிக்கையிலேயே அச்சிட்டது.

இந்த மரபின் இன்னொரு நல்ல உதாரணம் உத்தரப் பிரதேசத்தின் லுட்சான் கிராமம். 1996 முதல் 97 வரை அகில இந்திய வானொலி 'திங்க்கா திங்க்கா சுக்' என்ற தொடர் நாடகத்தை வாரம் இருமுறை இந்தி மாநிலங்களில் ஒலிபரப்பியது. அதில் வரதட்சணைக் கொடுமையால் ஒரு மணப்பெண் உயிரை விடுகிறாள். கேட்டுக்கொண்டிருந்த லுட்சான் தையற்காரர் ஒருவர் ஊரைத் திரட்டினார். ஒரு பெரிய வண்ணத் தாளில், இனி வரதட்சணை வாங்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம் என்று எழுதி, 184 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து வானொலிக்கு அனுப்பினார்கள். தாள் கையில் கிடைத்ததும் சிங்கால், ரோஜர்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த ஊருக்கே போனார்கள். தேநீர்க்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் நாடகத்தைப் பற்றி நடந்த பேச்சுதான் ஜனங்களை ஒன்று சேர்த்தது என்று கண்டார்கள். அதோடு நிறுத்தவும் இல்லை. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் சொன்னபடி நடக்கவில்லை, வாய் ஒன்று சொல்ல வழக்கம் வேறாக இருந்தது என்பதையும் எழுதினார்கள். வெற்றிக் கதையாக முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. அந்த ஆய்வின் மதிப்பு எனக்கு அங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கு வருவோம். டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்க இப்போது பார்க் இந்தியா அமைப்பின் மீட்டர். 2015 முதல் அதன் கணக்குதான் செல்லும். 2020 அளவில் நாட்டில் டிவி உள்ள வீடுகள் 21 கோடி. அவற்றின் ரசனையைச் சொல்ல 44,000 வீடுகளில் மீட்டர். சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு தனி ரிமோட். வீட்டில் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பொத்தான். டிவி முன்னால் உட்காரும்போது மாமியார் தன் பொத்தானை அழுத்த வேண்டும், மருமகள் தன்னுடையதை. எழுந்து போகும்போது மறுபடியும். அடுப்பில் பால் பொங்குகிறபோது எழுந்து ஓடுகிறவர் அதை அழுத்திவிட்டா ஓடுவார்? அழுத்தாவிட்டால் கணக்கில் அவர் இன்னும் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோடிக்கணக்கான விளம்பரப் பணம் இந்தப் பொத்தான்களை நம்பி நடக்கிறது. 2020 அக்டோபரில், மீட்டர் உள்ள சில வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிட்டார்கள் என்று மும்பை காவல்துறை வழக்குப் போட்டது. செய்திச் சேனல்களின் ரேட்டிங்கையே பார்க் நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் அது திரும்பி வந்தது.

மீட்டரையாவது வீட்டுக்காரர் சம்மதித்து மாட்டிக்கொள்கிறார். கையில் இருக்கும் போனுக்கு அந்தச் சம்மதம் 'ஏற்கிறேன்' என்ற ஒரு தட்டலோடு முடிந்துவிடுகிறது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை முக்கிய அளவாக வைத்திருந்த யூடியூப், 2012-இல் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மாறியது. அதன் பிறகு வீடியோ செய்கிறவர்கள் எல்லோருடைய பேச்சும் அந்த அளவுகோலுக்கு ஏற்ப வளைந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டை எடுத்துவிட்டுக் கட்டைவிரலுக்கு வந்தது. ஒரே படத்துக்கு எனக்குக் காட்டும் முகப்புப் படம் வேறு, என் தம்பிக்குக் காட்டுவது வேறு. காதல் படங்களை அதிகம் பார்த்திருந்தால் ஜோடியின் முகம், சிரிப்புப் படங்களைப் பார்த்திருந்தால் அதில் வரும் நகைச்சுவை நடிகரின் முகம். எந்த முகத்தை எத்தனை பேர் தட்டினார்கள் என்பது உடனுக்குடன் பதிவாகி, அடுத்த முகத்தைத் தீர்மானிக்கிறது. அளவில் சைட் ஆய்வாளர்கள் கனவிலும் நினைத்திருக்க முடியாத ஆராய்ச்சி இது. ஒவ்வொரு மணி நேரமும் நடக்கிறது.

உறவையும் இப்படியே ஆராய்ந்தார்கள். 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக்கில் 6,89,003 பேரை வைத்து, நண்பர்களின் பதிவுகளில் சிலவற்றைக் குறைத்துக் காட்டும் சோதனையை நடத்தினார்கள். சிலருக்குச் சந்தோஷமானவை குறைந்தன, சிலருக்குச் சோகமானவை. அதற்கேற்ப அவர்கள் எழுதும் பதிவின் மனநிலை மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாற்றம் இருந்தது, ஆனால் மிக மிகச் சிறியது. தாங்கள் ஒரு சோதனைக்குள் இருந்தோம் என்பது அந்தப் பயனர்களுக்குத் தெரியாது. 2014 ஜூனில் கட்டுரை வெளியானபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. வெளியிட்ட ஆய்விதழே பிறகு தன் கவலையைப் பதிவு செய்தது. ஒருவர் தன் தோழியின் வருத்தத்தைப் பார்க்காமல் போன அந்த வாரத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்குள் இருக்கும் கோபம் தணியவில்லை.

பழையதெல்லாம் பொன் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கேட்டால் எல்லோரும் உண்மையைச் சொல்வதில்லை. வெளியூரிலிருந்து படித்த ஒருவர் வினாத்தாளோடு வந்து உட்கார்ந்தால், செய்திதான் பார்ப்பேன் என்பார்கள். கூச்சத்தில் சீரியலைச் சொல்லமாட்டார்கள். புணேயின் குழுக்களில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருந்தார்கள். ஓர் ஆய்வு முடிந்து அச்சேறுவதற்குள் நிகழ்ச்சி மறந்துபோயிருக்கும். அதிகாரிகள் பலர் அறிக்கைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஒருவர் நள்ளிரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் என்ன பார்க்கிறார் என்பது அன்றைய ஆய்வாளருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. இன்றைய நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் தெரியும்.

தெரிந்தது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. நியூராத்தின் அறிக்கையை யுனெஸ்கோ 1959-இல் புத்தகமாகப் போட்டது. அதே ஆண்டு வானொலிக் கிராமக் குழுக்கள் நாடு முழுக்கத் தொடங்கின. கேபிள் டிவி வந்த கிராமங்களைப் பற்றிய ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் ஆய்வும் அப்படிப் பொதுவில் இருக்கிறது. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், ஹரியானா, கோவா, டெல்லியில் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பெண்களிடம் கேட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பதைச் சரியென்று ஏற்கும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. சீரியலைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் ஒருமுறை படிக்க வேண்டிய ஆய்வு. அப்படி ஒன்றை இன்று ரீல்ஸ் பற்றிச் செய்ய நினைக்கும் பல்கலைக்கழக ஆய்வாளருக்குத் தரவு கிடைப்பது வரவரக் கடினமாகிறது. ட்விட்டராக இருந்த எக்ஸ் 2023-இல் ஆய்வாளர்கள் இலவசமாகத் தரவு எடுத்த வழியை மூடியது. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, தகுதியுள்ள ஆய்வாளர்களுக்குத் தரவைக் கொடுக்கச் சொல்கிறது. இந்தியாவிலும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு தலைமுறையின் பேச்சு, படிப்பு, நட்பு, காதல் எல்லாம் அந்தத் திரைக்குள் நடக்கிறது. அதைப் பற்றிய அறிவு ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிடம் மட்டும் இருக்க விடக்கூடாது.

வீட்டுக்குப் போய்க் கேட்கும் பழைய வழக்கம் இன்னும் முழுதாக அற்றுப்போகவில்லை. கல்வி நிலை பற்றிய 'அசர்' கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போகிறார்கள். 2023-இல் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சந்தித்தார்கள், தமிழ்நாட்டில் பெரம்பலூர். கேள்வியோடு நிறுத்தாமல், ஒரு ஸ்மார்ட்போனைக் கொண்டுவரச் சொல்லி அதில் அலாரம் வைக்கச் சொன்னார்கள், ஒரு தகவலைத் தேடச் சொன்னார்கள், யூடியூபில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்துப் பகிரச் சொன்னார்கள், வரைபடத்தில் வழி பார்க்கச் சொன்னார்கள். மறு ஆண்டு நாடு முழுக்க நடந்த கணக்கெடுப்பில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82.2 சதவீதம் பேர் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்றார்கள். அவர்களில் 57 சதவீதம் பேர் அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியிருந்தார்கள், 76 சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்காக.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் எண் வேறு. போன் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகளில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 36.2 சதவீதம், பெண்கள் 26.9 சதவீதம். மற்ற பெண்கள் அப்பாவின் போனில், அம்மாவின் போனில், அண்ணனின் போனில் பார்க்கிறார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் போன் கைக்கு வந்ததும் பத்தாம் வகுப்புக் கணக்கு வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு, இரண்டு பாட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் கணக்கில் அந்த அரை மணி நேரம் அண்ணன் பெயரில் ஏறுகிறது. நாளைக்கு அந்தப் போனில் வரும் பரிந்துரைகள் அண்ணனுக்கானவை. அவளிடம் போய்க் கேட்ட தன்னார்வலரின் தாளில் மட்டும்தான் அவள் தனி ஆளாக இருக்கிறாள்.